பரணில் கிடைத்த தாத்தாவின் துப்பாக்கி

காஞ்சிபுரத்தில் பாகப்பிரிவினை என்றால் வீடு, நகை, தறி ஆகியவற்றுக்குத்தான் கணக்கு. பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியை யாரும் பங்கு கேட்பதில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் அது கீழே இறங்கும். ஜரிகைக் கணக்கு நோட்டுகளுக்கும் செப்புப் பாத்திரங்களுக்கும் நடுவே துணி சுற்றிய கைத்துப்பாக்கி ஒன்று இருந்துவிட்டால் என்ன செய்வது? ஏரியில் வீசிவிடலாம் என்பார் ஒருவர். பழம்பொருள் வியாபாரியிடம் நல்ல விலைக்குப் போகும் என்பார் இன்னொருவர். தாத்தா நினைவாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பார் வீட்டுப் பெரியவர். மூன்றுமே குடும்பத்தை வழக்கில் மாட்டிவிடும்.

முதலில் அதைத் தொடாதீர்கள். தோட்டா இல்லை என்று பார்வையாலேயே முடிவு கட்ட முடியாது. மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ரகங்களில், கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு கழித்தும் வெடிக்கும். விசையை இழுத்துப் பார்ப்பது, எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது எதுவும் வேண்டாம். பிள்ளைகளை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

அடுத்தது சட்டம். 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியர் கையில் ஆயுதம் இருக்கவே அஞ்சிய வெள்ளை அரசு, லிட்டன் பிரபு காலத்தில் 1878-இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தடைசெய்யப்பட்ட ரகமாக இருந்தால் 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை. தாத்தா முறையாக லைசென்ஸ் வாங்கியவர்தானே என்று பலர் நினைக்கிறார்கள். துப்பாக்கி சொத்தாக வாரிசுக்கு வரலாம், உரிமம் வராது. அது தாத்தாவின் பெயரோடு முடிந்துவிட்டது.

இங்கே பயந்துபோகத் தேவையில்லை. பரணில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவரைச் சட்டம் குற்றவாளி ஆக்குவதில்லை. ஆயுத வழக்கில் 'வைத்திருத்தல்' என்றால் அறிந்து வைத்திருத்தல் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியது. ஆனால் அதே தீர்ப்பின்படி, பொருள் கையில் இல்லாமல் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். ஆகவே பெட்டியைத் திறந்து பார்த்த நாளிலிருந்து பொறுப்பு உங்களுடையது. தெரிந்தபின் மூடிவைத்துப் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து.

உரிமத்தோடு இருந்த துப்பாக்கியானால் வழி எளிது. சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உரிமம் முடிந்த ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம், உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். குறித்த காலம் கடந்தால் மட்டுமே அரசுடைமை ஆகும். தேர்தல் நேரத்தில் தாத்தா ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்காமலே காலமான வீடுகளும் உண்டு. பழைய ரசீதுகளையும் உரிமப் புத்தகத்தையும் தேடிப் பாருங்கள்.

வைத்துக்கொள்ள விரும்பினால் வாரிசுச் சான்றிதழோடும் மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடும் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரை ஆயுதத்துக்கும் இதே வரம்புதான். ஒரு விஷயத்தை நெசவாளர் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமம் மறுக்கக்கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், 18-ஆம் பிரிவின்படி நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். தாத்தா இன்னும் இருக்கிறார் என்றால் இன்னும் நல்லது. 70 வயது நிரம்பியவரோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தவரோ தாமே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு உரிமம் கோர வழி செய்யலாம்.

"இது துருப்பிடித்த பழசு, சட்டம் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சை நம்பாதீர்கள். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழைய ஆயுதங்களுக்குத்தான் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. சுட முடியுமா முடியாதா என்பதை நிபுணர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும், நாமோ வியாபாரியோ சொல்ல முடியாது.

அதற்காக வரலாற்றுப் பொருளை அழித்துவிடவும் கூடாது. 1780 செப்டம்பர் 10-இல் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை முறியடித்த புள்ளலூர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தத் திப்புவின் துப்பாக்கி ஒன்று, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது மேஜர் தாமஸ் ஹார்ட் என்ற கம்பெனி அதிகாரியால் கொண்டுபோகப்பட்டு, இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் வெகுகாலம் கிடந்தது. 2019-இல் அது ஏலத்துக்கு வந்தது. இங்கே நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட அரிய துப்பாக்கி என்றால், தஞ்சை அரண்மனை ஆயுதங்களைக் காத்துவரும் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் அதற்கு உரிய இடம் என்பது என் கருத்து.

தாத்தாவுக்கு உரிமமே இருந்ததில்லை என்று தெரிந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். பெண்களும் வருமானம் குறைந்தவர்களும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம், 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். எந்த நிலையிலும் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கிளம்ப வேண்டாம். சிவகாஞ்சியோ விஷ்ணுகாஞ்சியோ, உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். எங்கே, எப்போது, யார் முன்னிலையில் கிடைத்தது என்று மனுவில் எழுதிக் கொடுங்கள். துப்பாக்கியில் உள்ள எண்ணும் முத்திரையும் ரசீதில் பதிவாகியிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்து, மனு ஏற்பு ரசீதான சிஎஸ்ஆர் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.