சத்திரத்தில் கொடுத்த இரண்டு பணம்: காப்பீடற்றோர்க்கு மருத்துவமும் முத்துக்குளித்துறைத் திருச்சபையும்

பன்னிரண்டு ஆண்டுகள் நோயுற்றிருந்த பெண்ணைப் பற்றி மாற்கு எழுதும்போது (மாற். 5:25-34), அவள் பல வைத்தியரிடம் சென்றதையும், கையிலிருந்ததையெல்லாம் செலவழித்ததையும், பின்னும் நோய் மிகுந்ததையும் குறிப்பிடத் தவறவில்லை. அவளுடைய விசுவாசத்தைக் குறித்து நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அவளுடைய செலவுக் கணக்கைக் குறித்து எத்தனை முறை பேசியிருக்கிறோம்? ஆண்டவரின் வஸ்திரத்தைத் தொட்டவள் நோயாளி மட்டுமல்லள், நோயினால் ஏழையாக்கப்பட்டவளுங்கூட. அவளுடைய பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லை.

காப்பீடு என்னும் ஏற்பாட்டின் அடிப்படைக் கருத்து இதுவே: பலர் சிறுகச் சேர்த்து வைப்பது, விழுந்த ஒருவனைத் தூக்கிவிடப் பயன்படுகிறது. காப்பீடற்றவன் என்பவன் நோயின் முழுப் பாரத்தையும் தனியே சுமப்பவன். இத்தகையோர்க்குக் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் பணி தூத்துக்குடிக் கடற்கரையில் எவ்வாறு தோன்றிற்று, இன்று அதற்கு என்ன தேவை உள்ளது, இதில் ஆயர்களும் சபைகளும் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கடற்கரையின் பழைய காப்புகள்

முத்துக்குளிப்போர் கல்லைக் காலில் பற்றி, கயிற்றை நம்பி, மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில் சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளிப்போருக்கும் உரியதாயிருந்தது. ஆபத்தோ முழுவதும் குளிப்போருக்கே உரியது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' கரையில் நின்று மந்திரம் சொல்வான். அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. இதை மூடநம்பிக்கை என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். எனினும் கடல்கட்டியின் பங்கு, அச்சம் நிறைந்த தொழிலில் மக்கள் தங்களுக்குத் தாங்களே தேடிக்கொண்ட ஒருவகைக் காப்பு என்பதையும் காணவேண்டும். வேறு காப்பு அவர்களுக்கு யார் அளித்தார்?

இக்கேள்விக்குத் திருச்சபை அளித்த முதல் விடைகளுள் ஒன்று புன்னைக்காயலில் எழுந்தது. இயேசு சபையைச் சேர்ந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையை நிறுவினார். இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' (1578) இவருடைய பணியே. மக்களின் மொழியைக் கற்றவர் மக்களின் வலியையும் அறிந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

நம் சீர்திருத்தச் சபைகளின் பங்கு பின்னர் வந்தது. நாசரேத்தில் எஸ்.பி.ஜி. சங்கத்தின் மருத்துவ ஊழியத்தை டாக்டர் ஸ்டிராக்கன் 1870இல் தொடங்கினார். அங்குள்ள தூய லூக்கா மருத்துவமனை அவ்வூழியத்தின் வழிவந்ததாகும். அவருக்குப் பின் அங்கு உழைத்த கனோன் மர்காஷிஸ், 1908இல் தாம் மறையும் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆலயம், பள்ளி, மருத்துவம், கைத்தொழில் ஆகிய அனைத்தையும் ஒரே ஊழியமாகக் கண்டார். பிற இடங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஜான் ஸ்கடர் மருத்துவத்தைத் தொடங்கினார். நெய்யூரில் 1838இல் இலண்டன் மிஷன் மருத்துவப்பணி தோன்றிற்று. மானிப்பாயில் 1848இல் பணியேற்ற சாமுவேல் கிரீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் பணியைத் தொடங்கி, 1909இல் சாலையோர மருத்துவத்திற்குப் புறப்பட்டார்.

அறம் நிறுவனமானபோது

இம்மருத்துவமனைகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ ஏழைகளைக் காத்தது எப்படி? வெளிநாட்டுச் சபைகளின் காணிக்கை ஒரு தூண். வசதியுள்ளோர் செலுத்திய கட்டணம் மற்றொரு தூண். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதல் தூண் மெலிந்தது. மருந்து, கருவி, ஊதியம் ஆகியவற்றின் விலையோ ஏறிற்று. பல இடங்களில் ஏழைக்கென எழுந்த வாசல், கட்டணம் செலுத்தக்கூடியவனின் வாசலாயிற்று. இதில் யாரையும் குற்றஞ்சாட்டுதல் நம் நோக்கமன்று. ஓர் நிறுவனம் உயிர்வாழப் பணம் வேண்டும். ஆயினும் நிறுவனம் உயிர்வாழ்வதற்காகவே நிறுவனம் இருக்கிறதா என்ற கேள்வியை நாம் தவிர்க்கவியலாது.

உலகத் திருச்சபை இக்கேள்வியை எதிர்கொண்டது. 1964இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கூடிய ஆலோசனைக் கூட்டம், குணமாக்கும் பணி மருத்துவரிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்டதன்று, அது சபை முழுவதன் அழைப்பு என்று வலியுறுத்திற்று. 1968இல் உலகத் திருச்சபைகள் மன்றம் கிறிஸ்தவ மருத்துவக் குழுவை அமைத்தது. மகாராஷ்டிர மாநிலம் ஜாம்கேட்டில் ஆரோலே தம்பதியர் 1970இல் தொடங்கிய பணியில், எழுத்தறியாத கிராமப் பெண்கள் நலப்பணியாளர்களாயினர். 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் ஆரம்ப சுகாதாரத்தை முதன்மைப்படுத்தியபோது, இக்குழு கற்ற பாடங்களும் அவ்வறிக்கைக்குத் துணை நின்றன.

காப்பீடு தாங்குவதும் தாங்காததும்

தமிழகத்தில் அரசின் பொறுப்பு விரிந்திருப்பதை நன்றியோடு ஏற்கவேண்டும். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி 2000இல் தோன்றிற்று. 2009இல் உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கான காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. பின்னர் 2018இல் நடுவண் அரசின் திட்டத்துடன் இணைந்தது. 2022இல் இதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆண்டொன்றுக்கு ஒரு குடும்பம் 5 லட்சம் ரூபாய் வரை பயன்பெற இதில் வழியுண்டு.

ஆனால் இத்திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் குறித்த சிகிச்சைகளுக்கே உரியது. நாள்தோறும் விழுங்கவேண்டிய இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை நோய்க்கான பரிசோதனை, புண்ணுக்கு இடும் கட்டு, மூக்குக்கண்ணாடி ஆகியவை அதற்குள் அடங்குவதில்லை. இதய அறுவைக்குப் பணம் உண்டு. இதயம் கெடாமல் காக்கும் மாத்திரைக்குத் திட்டத்தில் இடமில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இக்குறையின் ஒரு பகுதியைத் தீர்க்க முற்படுகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீடு வெளிநோயாளி மருத்துவத்தையும் தருகிறது; எனினும் அது பதிவுபெற்ற நிறுவனத்தில் வரம்புக்குட்பட்ட ஊதியம் பெறுவோருக்கே கிட்டும்.

வெளியே நிற்போர் யார்?

முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நின்றுபோயிற்று. மூழ்குவோர் மறையவில்லை. சங்கு எடுக்கக் காற்றுக்குழாயுடன் ஆழத்தில் நெடுநேரம் இருப்பவன் விரைந்து மேலேறினால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அவனுக்கு நியமன ஆணையும் இல்லை, ஊதியச் சீட்டும் இல்லை. உப்பளத் தொழிலாளர் விடியுமுன் பாத்தியில் இறங்குகின்றனர். வெயிலின் எதிரொளி கண்ணையும், உவர்நீர் பாதத்தையும், நீர் அருந்தாமை சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. மழைக்காலத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. விசைப்படகில் செல்வோர் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்பவேண்டும் என்பது விதி. வெளிநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் கடலில் இருக்கின்றனர்.

1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த தொழில்களை நாடி வடமாநிலத் தொழிலாளரும் வந்துள்ளனர். திட்டத்தில் சேர அடிப்படையான குடும்ப அட்டை அவர்களுடைய சொந்த ஊரில் இருக்கிறது. மருத்துவரிடம் வலியைச் சொல்லவும் மொழியில்லை. இவர்களுள் பலருக்கு இலவச மருத்துவம் சட்டப்படி எட்டுந்தூரத்திலேயே உள்ளது. ஆனால் ஒருநாள் கூலியை இழந்தாலன்றி அதைப் பெறமுடியாது. இலவசம் என்பதற்கும் செலவின்மை என்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை நாம் உணரவேண்டும்.

சபையின் சிறு மருத்துவகம்

இவ்விடைவெளியில்தான் அறமருத்துவகத்திற்கு இடம் உண்டு. ஆண்டுக்கொருமுறை நடத்தும் மருத்துவ முகாம் இதற்கு ஈடாகாது. முகாமில் இரத்த அழுத்தம் கண்டறியப்படுகிறது. ஐந்து நாள் மாத்திரை கொடுக்கப்படுகிறது. ஆறாம் நாள் நோயாளி கைவிடப்படுகிறார். மாறாக, வாரத்தில் ஒரு மாலை, தவறாமல், தொழிலாளர் திரும்பும் நேரத்தில், சபையின் கூடத்தில் இயங்கும் சிறு மருத்துவகம் பயன் தரும். அதற்குச் சில ஒழுங்குகள் இன்றியமையாதவை. பதிவுபெற்ற மருத்துவரும், 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனச் சட்டத்துக்கு இணங்கிய பதிவும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறிப்பேடு வேண்டும். காலாவதி நெருங்கிய மருந்தை நன்கொடையென ஏற்கலாகாது. அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படுவோருடன் சபையார் ஒருவர் செல்லவேண்டும். காப்பீட்டு அட்டை பெறத் தகுதியுள்ளோர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் மருத்துவமே. செபத்தை விரும்புவோருக்குச் செபிக்கலாம். மருந்துக்கு விலையாகச் செவிமடுத்தலைக் கேட்கலாகாது. எலிசா மறுத்த வெகுமதியைக் கேயாசி பின்தொடர்ந்து பெற்றதை (2 இராஜா. 5) நாம் மறத்தலாகாது.

இத்தகைய மருத்துவகம் அரசையும் முதலாளிகளையும் பொறுப்பினின்று விடுவித்துவிடாதா என்று மாணவர் கேட்பர். நியாயமான கேள்வியே. 1967இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய இலவச மருத்துவகம், மருத்துவம் சலுகையன்று, உரிமை என்ற குரலோடு எழுந்தது. எனினும் செல்வ நாடாகிய அங்கே இன்றளவும் காப்பீடற்றோர் இலவச மருத்துவகங்களை நாடி நிற்கின்றனர். அறம் நீதிக்கு முன்னோடியாகலாம். நீதிக்கு மாற்றாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே மருத்துவகத்தின் குறிப்பேடு சாட்சியேடாகவும் இருக்கவேண்டும். ஒரே உப்பளத்திலிருந்து வருவோரின் பாதங்களில் ஒரே புண்ணைத் தொடர்ந்து காண்போமாயின், களிம்போடு நம் கடமை முடிவதில்லை. காலணிக்காகவும் குடிநீருக்காகவும் உரியவரிடம் பேசவேண்டும்.

நல்ல சமாரியன் (லூக். 10:30-37) எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு நின்றானில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். மேற்செலவையும் தான் திரும்பி வரும்போது தருவதாகப் பொறுப்பேற்றான். முதலுதவி ஓர் இரக்கம். எல்லை குறியாத அப்பொறுப்பேற்பு வேறோர் இரக்கம். காயப்பட்டவன் தன் கணக்கைத் தனியே தீர்க்கவேண்டியதில்லை என்பதே அவன் அளித்த காப்பு. நம் சபைகளின் ஆண்டுக் கணக்கில் ஆலயத்தின் வண்ணப்பூச்சுக்கும் பண்டிகைப் பந்தலுக்கும் தலைப்புகள் உள்ளன. சத்திரக்காரனுக்கென ஒரு தலைப்பு உண்டா என்று அடுத்த சபைச் சங்கத்தில் ஆயர்கள் கேட்பார்களாக.