முகச் செம்மையும் மருந்தின் அளவும்



ரோசேஷியா என்றொரு தோல் நோய் உண்டு. பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்தோரிடம் தோன்றும். மூக்கும் கன்னங்களும் சிவந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பருவைப் போன்ற கொப்புளங்கள் எழும். சிலருக்குக் கண்களும் எரியும். நம்மைப் போன்ற கருமேனியரிடம் சிவப்பு எளிதில் புலப்படாமையால், இதனை முகப்பரு என்றே பலரும் எண்ணிவிடுகின்றனர்.

இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. அவ்வாறிருக்க, மருத்துவர்கள் டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை உட்கொள்ளத் தருவதேன்?

டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மூத்த மருந்து, மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பெறப்பட்டு, 1948ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள்.

இம்மருந்துகளுக்குத் தொழில் இரண்டு. ஒன்று, நுண்ணுயிர்களை ஒடுக்குவது. மற்றொன்று, அழற்சியைத் தணிப்பது. தோல் தன் காவலுக்கெனச் சுரக்கும் ஒரு புரதம் ரோசேஷியாவில் அளவுக்கு மிஞ்சிப் பெருகி, சிதைந்து, அழற்சியை மூட்டுகிறது. அச்சிதைவை நிகழ்த்தும் நொதிகளை டாக்சிசைக்ளின் அடக்குகிறது. இதற்குச் சிறு அளவே போதும். பல்லாண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூச்சல் அடங்க, வகுப்பையே வெளியேற்ற வேண்டியதில்லை, கூச்சலை மூட்டுபவனை அமர்த்தினால் போதும்.

2006ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இந்நோய்க்கென ஒப்புதல் அளித்த மாத்திரையில் 40 மில்லிகிராம் மருந்தே உண்டு. 30 உடனே கரையும். 10 தாமதித்துக் கரையும். இவ்வளவு நுண்ணுயிர்களைக் கொல்லாது. ஆதலால் அவை மருந்தை எதிர்க்கப் பழகும் வாய்ப்பும் குறைகிறது.

இதன் எல்லையையும் அறிதல் நன்று. கொப்புளங்கள் சில வாரங்களில் தணியும். வெளித்தெரியும் இரத்தக் குழாய்களை இது போக்காது. மாத்திரையை நிறைய நீருடன் விழுங்கி, உடனே படுக்காதிருத்தல் வேண்டும்; இன்றேல் உணவுக்குழல் புண்ணாகும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை உடன் உண்ணலாகாது. வெயில் தோலை எளிதில் சுடும். கருவுற்றோருக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஏற்றதன்று.

கடையில் தாமே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு முதலில் முகத்தைத் தெளியவைப்பதுபோல் தோன்றினும், பின்னர் இந்நோயையே வளர்க்கும். அவ்வாறே, அண்டை வீட்டார் காய்ச்சலுக்கு உண்டு மிஞ்சிய டாக்சிசைக்ளினும் நமக்கு ஆகாது. பெயர் ஒன்றாயினும் அளவு வேறு, காலம் வேறு. அவ்விரண்டையும் வகுத்துரைக்க வேண்டியவர் மருத்துவரே.