டீ ஆற்றுவதும் ஒரு வித்தை!

காஞ்சிபுரத்தில் வைகாசி மாதக் கருட சேவை. வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் புறப்படுவதைக் காண, பொழுது விடியும் முன்பே கூட்டம் வந்து குவிந்துவிடும். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது எதை? ஒரு வாய் டீயை!

அன்று டீ மாஸ்டருக்கு மூச்சு விட நேரம் இராது. பாய்லரில் நீராவி சீறுகிறது. சாயம் ஏறிய துணி வடிகட்டியில் டிக்காஷன் இறங்குகிறது. பாலும் சர்க்கரையும் சேர்ந்ததும், ஒரு கை மேலே போகிறது. மறு கை கீழே இறங்குகிறது. நடுவிலே டீ கயிறு போலத் தொங்குகிறது. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை!

தினமும் பார்க்கும் காட்சிதான். அதனால்தான் நாம் அதைக் கவனிப்பதில்லை.

சூட்சுமம் என்ன?

உயரத்தில் இருந்து விழும்போது டீயின் தாரை மெலிந்துவிடும். காற்று நன்றாகப் படும். சூடு சீக்கிரம் தணியும். பாலில் உள்ள புரதம் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நுரை பொங்கும். சர்க்கரை அடியில் தங்காது. ஆடை படியாது. வீட்டில் அம்மா டபராவிலும் டம்ளரிலும் காப்பி ஆற்றிக் கொடுக்கிறாரே, அதுவும் இதே வேலைதான்.

ஆனால் அம்மா ஒரு சாண் தூக்குவார். மாஸ்டர் ஒரு கெஜம் தூக்குகிறார்! முதலில் இரண்டு பாத்திரங்களும் நெருங்கி இருக்க வேண்டும். தாரை விழத் தொடங்கிய பிறகே கையைத் தூக்க வேண்டும். கண், கீழே இருக்கும் பாத்திரத்தின் வாயை விட்டு அகலக் கூடாது. முடிக்கும்போது மறுபடியும் கைகள் நெருங்க வேண்டும். சற்றுத் தவறினால் மணிக்கட்டில் கொப்புளம்தான். தினக்கூலிக்கு நிற்கும் மாஸ்டருக்கு, கை வெந்தால் அன்றைய கூலியும் போயிற்று.

நெருப்பை ஆற்றியவர்

அமெரிக்காவில் ஜெர்ரி தாமஸ் என்று ஒருவர் இருந்தார். மதுக்கடையில் பானம் கலப்பவர். (குடியைப் பற்றி எழுத வரவில்லை, கையைப் பற்றித்தான் எழுதுகிறேன்!) விஸ்கியில் கொதிநீரைச் சேர்த்து, அதற்குத் தீ மூட்டி, எரிய எரிய ஒரு குவளையில் இருந்து மறு குவளைக்கு ஊற்றுவார். பார்த்தவர்களுக்கு நெருப்பே அருவியாகக் கொட்டுவது போல் இருக்கும். 1862இல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். புதிதாகக் கற்பவர்களுக்கு அதில் ஒரு புத்திமதி சொன்னார். என்ன தெரியுமா? கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள், முதலில் பச்சைத் தண்ணீரில் பழகுங்கள் என்பதுதான்!

அந்த வித்தை இன்று பெரிய பந்தயமாகிவிட்டது. புட்டியை முதுகுக்குப் பின்னால் வீசி முன்னால் பிடிக்கிறார்கள். கீழே விட்டாலும் சிந்தினாலும் மார்க் குறையும். 1988இல் வந்த 'காக்டெய்ல்' என்ற ஆங்கிலப் படத்தில் டாம் குரூஸ் இப்படிப் புட்டி வீசி நடித்தார். அதன் பிறகு உலகமெங்கும் இளைஞர்களுக்கு இந்த மோகம் பிடித்தது. மும்பையில் அமி ஷ்ராப் என்ற பெண்மணியும் இதில் பெயர் பெற்றிருக்கிறார்.

மலேசியாவில் நம்மவர்

டீ ஆற்றுவதற்கும் பந்தயம் உண்டு. இங்கே அல்ல, மலேசியாவில்! அங்கே அதற்கு 'தே தாரிக்' என்று பெயர். 'தாரிக்' என்றால் மலாய் மொழியில் இழுப்பது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் புகழ் பெற்ற டீ இது. அந்தக் கடைகளை 'மாமாக்' கடை என்கிறார்கள். நம் 'மாமா'தான் அங்கே 'மாமாக்' ஆகிவிட்டார்! போட்டியில் டீயை ஆற்றிக்கொண்டே பம்பரமாகச் சுற்றுகிறவர்களும் உண்டு. 2024இல் யுனெஸ்கோ, மலேசியக் காலை உணவுப் பழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அதில் தே தாரிக்கும் இருக்கிறது.

காஞ்சிபுரத்து மாஸ்டருக்குப் பட்டியலும் இல்லை, பரிசும் இல்லை. பொத்தானை அழுத்தினால் டீ ஊற்றும் இயந்திரமும் போட்டிக்கு வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் அதைத் தேடிப் போவதாகத் தெரியவில்லை. கோர்வைச் சேலைக்குக் கரையும் உடலும் பிசகாமல் சேர, தறியில் இரண்டு பேர் கை ஒன்றாக ஓட வேண்டும். அந்த வேலையில் இருந்து எழுந்து வருகிறவர் கடை வாசலில் நின்று கேட்பது இதுதான்:

"மாஸ்டர், நல்லா ஆத்திக் குடுங்க!"