காருக்கு ஏன் இத்தனை தாகம்?

குட்டீஸ்... விடுமுறைக்கு காரில் ஊருக்குப் போகும்போது, "பெட்ரோலை இப்படிக் குடிக்குதே!" என்று அப்பா புலம்பியதைக் கேட்டிருக்கிறீர்களா? நான்கு வழிச்சாலையில் அடிக்கடி நிற்க வேண்டியதில்லை. அப்படியும் மைலேஜ் குறைவது ஏன்? வாங்க, துப்பறியலாம்!

முதலில் கணக்கு. டேங்க் நிறைய பெட்ரோல் போட்டதும், மீட்டரில் உள்ள கிலோ மீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும், மறுபடியும் டேங்கை நிரப்ப வேண்டும். ஓடிய தூரம் 300 கி.மீ., இப்போது பிடித்த பெட்ரோல் 20 லிட்டர் என்றால், 300ஐ 20ஆல் வகுங்கள். லிட்டருக்கு 15 கி.மீ., மைலேஜ். இரண்டு, மூன்று முறை பார்த்த பிறகே முடிவு கட்ட வேண்டும்.

இனி, யார் மீதெல்லாம் சந்தேகம் என்று பார்ப்போமா?

காற்று: இதுதான் பெரிய திருடன்! வேகம் இரண்டு மடங்கானால், காற்றின் தடை நான்கு மடங்காகும். 80 கி.மீ., வேகத்தை விட, 100 கி.மீ., வேகத்தில் காற்று ஒன்றரை மடங்குக்கும் மேல் எதிர்த்துத் தள்ளும். கூரை மேல் கேரியரும், மூட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். வேகத்தைக் குறைத்தும், கேரியரைக் கழற்றியும் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

டயர்: காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கும், உருட்ட கூடுதல் சக்தி வேண்டும். அது மட்டுமா? வேகமாகப் போகும்போது சூடேறி வெடித்தும் விடலாம். புறப்படும் முன், டயர் சூடாகாத போதே காற்றை அளக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது, பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

பிரேக்: பெடலை விட்ட பிறகும் பிரேக் விடாமல் உரசினால், அந்தச் சக்கரம் மட்டும் அதிகமாகக் கொதிக்கும். நீங்கள் தொட்டுப் பார்க்காதீர்கள், கை வெந்துவிடும்! மெக்கானிக் பார்க்கட்டும்.

தெர்மோஸ்டாட்: இன்ஜினைச் சரியான சூட்டில் வைத்திருக்கும் வால்வு இது. திறந்தபடியே சிக்கிக் கொண்டால், வேகமாகப் போகும்போது ரேடியேட்டரில் காற்று பட்டுப்பட்டு, இன்ஜின் குளிர்ந்தே இருக்கும். 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்து, காரின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் அனுப்பும். வெகுதூரம் ஓடியும் வெப்பமானி முள் வழக்கமான இடத்துக்கு வராவிட்டால், சந்தேகம் இதன் மேல்தான்.

அடுத்த பயணத்தில் கணக்கு நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். மைலேஜ் குறைந்தால், முதலில் கண்டுபிடிக்கப் போவது நீங்கள்தான்!