உங்களுக்குத் தெரியுமா? துண்டு போட மறந்த கெர்னல்!

10 கிகாபிட் நெட்வொர்க் கேபிள் ஒன்று. அதில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு எத்தனை வரும் தெரியுமா? 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம்! பிராசசரின் ஒரே ஒரு கோர் மட்டும் வேலை பார்த்தால், ஒரு பாக்கெட்டைக் கவனிக்க அதற்குக் கிடைப்பது 67.2 நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 20 மீட்டர்தான் ஓடும்!

100 கிகாபிட்டுக்குப் போனால்? 6.72 நானோ நொடி! 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் இருபதே முறை துடித்து முடிப்பதற்குள் அடுத்த பாக்கெட் வாசலில் நிற்கும்!

அதனால்தான் பல கோர்கள் சேர்ந்து இழுக்கின்றன. இரண்டு கோர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கை வைத்துவிட்டால்? யார் முந்தினார் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும்! இதற்குப் பெயர் ரேஸ் கண்டிஷன். இதைத் தடுக்க, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் போடுவது லாக். நம்ம ஊர் பஸ் சீட்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான்!

துண்டைப் போடாமல் சீட்டைப் பார்த்து மட்டும் வைத்துக்கொண்டு, நிதானமாக ஏறிப் போய் உட்கார்ந்தால்? யார் மடியிலாவது உட்கார வேண்டியதுதான்! லினக்ஸ் கெர்னல் இதை அப்படியே செய்தது. விர்ச்சுவல் மெஷினும் அதைத் தாங்கும் ஹோஸ்டும் பேசிக்கொள்ளும் 'விசாக்' என்ற சாக்கெட் பகுதியில், லாக் போடுவதற்கு முன்பே ஒரு பாயின்டரைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டது. லாக் கிடைப்பதற்குள் அந்தப் பாயின்டர் காட்டிய நினைவகம் வேறு யாருக்கோ போயிருக்கலாம். ஒரு இடத்தில் அல்ல, 5 இடங்களில் இதே தப்பு!

இந்தத் தப்பு நுழைந்தது 2019 நவம்பரில். பிடித்தவர் அலெக்சாண்டர் போபோவ், 2021-இல். இதனால் தப்பான இடத்தில் எழுத முடிந்தது எத்தனை பைட் தெரியுமா? வெறும் 4! ஒரு செல்போன் எண்ணைக்கூட எழுத்து எழுத்தாக எழுத முடியாத இடம். அந்த நான்கை வைத்தே அவர் ஃபெடோரா 33 சர்வரில் சாதாரணப் பயனராக நுழைந்து ரூட் ஆகிக் காட்டினார்! பிராசசரிலேயே இருக்கும் ஸ்மெப், ஸ்மாப் காவல்கள் இரண்டையும் தாண்டி!

சரி, இதற்கு மருந்து என்ன? புது அல்காரிதமா? இல்லை. லாக்குக்கு மேலே இருந்த வரியை லாக்குக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். அவ்வளவுதான்!

வாடகைதாரர் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் அவர் வைத்த அலாரம் மட்டும் அடித்தால் எப்படி இருக்கும்? லினக்ஸின் பாக்கெட் சாக்கெட்டில் அதுதான் நடந்தது! ஒரு த்ரெட் பஃபரை அமைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு த்ரெட் வெர்ஷன் எண்ணை மாற்றிவிடும். கெர்னல் குழம்பிப்போய் டைமரை நிறுத்த மறந்து, நினைவகத்தை மட்டும் விடுவிக்கும். டைமர் பாட்டுக்கு ஓடும்! 2011 ஆகஸ்டில் புகுந்த பிழை. பிலிப் பீட்டர்சன் கண்டுபிடித்தது 2016-இல். 5 வருடம்! அவர் எழுதிய எக்ஸ்ப்ளாய்ட் ஃபைலின் பெயர் 'சோகோபோ ரூட்'. சோகோபோ என்பது ஃபைனல் ஃபேன்டசி வீடியோ கேமில் சவாரி செய்யும் பறவை. இவர்களுக்குக் குசும்பு ஜாஸ்தி!

இப்படிப்பட்ட ரேஸ் பிழையைத் தேட நடுவில் ஒரு 'பிரின்ட்' வரி சேர்த்தால் பிழையே காணாமல் போகலாம்! பிரின்ட் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பந்தயத்தின் முடிவே மாறிவிடுமாம். பார்த்தால் ஒளிந்துகொள்ளும் இந்த ரகத்தை 'ஹைசன்பக்' என்று 1985-லேயே எழுதினார் ஜிம் கிரே!

ஒரு சாக்கெட் தன்னையே தனக்குள் போட்டு அனுப்ப முடியும், தெரியுமா? யூனிக்ஸ் சாக்கெட்டுகளில் முடியும்! தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு. இப்படி அநாதையாகச் சுற்றும் சாக்கெட்டுகளை அள்ள, சி மொழியில் எழுதிய கெர்னலுக்குள்ளேயே ஒரு குப்பை வண்டி ஓடுகிறது! ஆச்சரியம் அதில் இல்லை. அந்த வண்டியில் இருந்த ரேஸ் கண்டிஷனை ரெட் ஹாட்டின் கெர்னல் புரோகிராமர் ஒருவர் 2016-லேயே ஊரறியச் சொல்லிவிட்டார். யாரும் சரிசெய்யவில்லை! ஆண்ட்ராய்டு போன்களில் உளவு வேலைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்து பேட்ச் வந்தது 2021-இல். சொன்ன பேச்சைக் கேட்க 5 வருடம்! (நம் வீட்டுக் குழாய் ஒழுகலைவிட இது மோசம்.)

அதே 2021-இல், அதே குப்பை வண்டியில், இன்னொரு ரேஸ்! இதில் நுழைய இருந்த இடைவெளி மிக மிகக் குட்டி. கூகுளின் ஜான் ஹார்ன் என்ன செய்தார் தெரியுமா? இடைவெளியைப் பிடிக்க ஓடவில்லை. இடைவெளியை இழுத்து நீட்டினார்! சரியாக அந்த நொடித்துளியில் ஒரு டைமர் அடிக்கும்படி வைத்தார். டைமர் அடித்தால் காத்திருப்போர் வரிசையில் உள்ளவர்களை எல்லாம் கெர்னல் எழுப்பியாக வேண்டும். அந்த வரிசையில் அவர் நிறுத்தி வைத்தது எத்தனை பேரை? 50,000! எழுப்பி முடிப்பதற்குள் எதிராளி சாவகாசமாக வேலையை முடித்துவிடலாம்!

கடைசியில் 2024-இல், லினக்ஸ் 6.10-இல், குப்பை வண்டியையே மாற்றி எழுதினார்கள். புது எஞ்சின் எது? ராபர்ட் டார்ஜான் 1972-இல் வெளியிட்ட அல்காரிதம்! 52 வயது!

ரேஸ் பிடிக்கும் கருவி 'கேசிசான்' வேலை செய்யும் அழகே தனி. ஏறத்தாழ 4,000 நினைவகத் தொடுகைகளில் ஒன்றைப் பிடித்து, கொக்கு மாதிரி 80 மைக்ரோ நொடி அசையாமல் நிற்கும்! அதற்குள் வேறொரு கோர் அதே இடத்தைத் தொட்டால், கொத்து! 2020-இல் லினக்ஸ் 5.8-உடன் சேர்ந்தது இந்தக் கொக்கு.

ஒரு காலத்தில் லினக்ஸ் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு! 1996-இல் 2.0-உடன் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, கடைசித் துண்டை எடுத்து எறிந்தது 2011-இல். ஒரு பூட்டைக் கழற்ற 15 வருடம்!

இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாக்கெட் போகும் வழியைத் தேடும்போது கெர்னல் போடும் ஒரு 'பூட்டு' உண்டு. பெயர் ஆர்சியூ. 2002-இல் கெர்னலுக்குள் வந்தது, பால் மெக்கென்னி கைவண்ணம். படிக்க வருகிறவர் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பழைய பிரதியைக் கடைசி ஆள் படித்து முடித்த பிறகுதான் அழிப்பார்கள். ப்ரீஎம்ப்ஷன் இல்லாத கெர்னலில், படிப்பவர் போடும் அந்தப் பூட்டு கம்பைல் ஆகும்போது எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷனாக மாறும் தெரியுமா?

பூஜ்ஜியம்!