கவுண்ட் வந்தாச்சு, கிரிவலம் போகலாமா?
மீண்டு வந்தவர்கள் – 14

எங்கள் தெருவில் பூ கட்டும் அக்காவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ, பிறகு கரன்ட் எனப்படும் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினார். "கவுண்ட் நார்மல்னுட்டாங்க தம்பி. வேண்டுதல் இருக்கு. இந்தப் பௌர்ணமிக்கு மலையைச் சுத்திடட்டுமா?"

பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலில், லட்சக்கணக்கானவர்களோடு. நல்ல கேள்விதான்.

கீமோ நாட்களில் 'கவுண்ட்' என்று நாம் கவலைப்படுவது பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை. அவை தினக்கூலிகள். ரத்தத்தில் ஒரு நாள் தாக்குப்பிடித்தால் அதிகம். எலும்பு மஜ்ஜை தினமும் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி புது ஆட்களை அனுப்புகிறது. கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாளில் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லிம்ஃபோசைட்டுகள் கதை வேறு. பழைய எதிரியின் முகத்தை நினைவில் வைத்திருப்பவை இவைதான். அதில் ஒரு பிரிவுக்குப் பள்ளிக்கூடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற அது சுருங்கிவிடும். அதனால் நடுவயதில் இழந்த படையைத் திரட்ட ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். சீட்டில் இருப்பது தலைக்கணக்கு. யாருக்கு என்ன வேலை தெரியும் என்பது அதில் இல்லை.

இந்த இடைவெளியில் வருவது அக்கி. சின்ன வயதில் போட்ட அம்மையின் கிருமி நரம்பு வேரில் தூங்கிக்கொண்டிருந்து எழும். நம் ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்வார்கள். எழுதட்டும், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவதுதான் நல்லது. உயிருள்ள கிருமி இல்லாத அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது.

சரி, வெறுங்கால்? மலம் கலந்த ஈரமண்ணில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று ஒரு புழு உண்டு. அதன் குஞ்சு பாதத்தோலைத் துளைத்து ஏறும். குடலுக்குள்ளேயே வம்சம் பெருக்கி, முப்பது நாற்பது வருடம் சத்தமில்லாமல் குடியிருக்கும். கீமோவோடு வாந்திக்குத் தருகிற ஸ்டீராய்டு போன்றவை எதிர்ப்பை அடக்கினால், குடல் கிருமிகளையும் சுமந்துகொண்டு நுரையீரல் வரை பரவிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் தீரும் சமாச்சாரம். தார்ச்சாலையில் நடப்பதை விட, அக்கா பதினைந்து வயது வரை வெறுங்காலில் நாற்று நட்ட கழனிதான் எனக்கு உறுத்துகிறது. மருத்துவரிடம் அதைச் சொல்லியிருக்கிறாரா என்றேன். "அவங்க கேக்கலையே."

இன்னொன்று, அக்குள் நெறிகளை எடுத்த இடது கை. நிணநீர் சரியாக வடியாத கையில் ஒரு ரோஜா முள் குத்தினால் போதும். சிவந்து, சுட்டு, வீங்கிவிடும். அன்றைக்கே மருந்து வேண்டும். வாரத்தில் ஆறு நாள் முள்ளோடு உட்கார்ந்திருப்பவர், பௌர்ணமியைப் பார்த்துப் பயப்படுகிறார்!

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். மலப் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. ரோஜாவுக்குக் கையுறை. பௌர்ணமிக் கூட்டம் இந்த வருடம் வேண்டாம். சாதாரண நாளில், விடிகாலையில், கேன்வாஸ் ஷூவோடு போகலாமாம்.

எட்டு லிங்கத்துக்கும் எட்டு முறை கழற்றி மாட்ட வேண்டுமே என்பதுதான் இப்போது அக்காவின் கவலை.