லஞ்ச் பிரேக்ல ஒரு பியானோ!

பள்ளிபாளையத்துல மத்தியானம் ஒரு மணிக்கு என்ன மியூசிக் கேட்கும்? விசைத்தறியின் 'டடக் டடக்', ஈரோடு போற பஸ்ஸோட ஹாரன், காலேஜ் கேன்டீன்ல தட்டுச் சத்தம். இதுக்கு நடுவுல ஒருத்தர் வந்து, "ஏனுங்க, முக்கால் மணி நேரம் பியானோ வாசிக்கிறேன். காசு வேண்டாம், உட்கார்ந்து கேளுங்க, போதும்"னா எப்படி இருக்கும்?

சிரிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். இந்த மதியக் கச்சேரிக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்ததே ஒரு யுத்தம்தான்!

குண்டு மழையில் கச்சேரி

1939-ல் இரண்டாம் உலகப் போர் ஆரம்பிச்சதும் லண்டன்ல கச்சேரி ஹால்களை மூடிட்டாங்க. நேஷனல் கேலரி ஓவியங்களையும் பத்திரமா வெளியூருக்கு அனுப்பியாச்சு. மிச்சம் வெறும் சுவர்தான். அங்கே மதியக் கச்சேரி நடத்தலாம்னு கிளம்பினவர், மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர். அக்டோபர் 10-ம் தேதி முதல் கச்சேரியை அவரே வாசிச்சார். டிக்கெட் ஒரே ஒரு ஷில்லிங். ஆபீஸ் போறவங்க, சிப்பாய்ங்கனு கூட்டம் அலைமோதிச்சு. குண்டு விழுந்தப்போ கச்சேரியைக் கீழ்த்தளத்துக்கு மாத்தினாங்களே தவிர, நிறுத்தலை. 1946 வரைக்கும் சுமார் 1,700 கச்சேரி, 8 லட்சத்துக்கும் மேல ரசிகர்கள்!

அவர் பேர்லயே அமெரிக்காவின் சிகாகோவுல 1977-ல் ஒரு மதியக் கச்சேரித் தொடர் ஆரம்பிச்சாங்க. புதன்கிழமை மதியம், அனுமதி இலவசம். மேடை யாருக்கு? வளர்ந்து வர்ற இளம் கலைஞர்களுக்கு!

நம்ம பக்கம்?

சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரத்தை ஞாபகம் இருக்கா? கே.எம். இசைப்பள்ளியில பியானோ கத்துக்கிட்டவர். 2019-ல், 13 வயசுல, அமெரிக்க டி.வி. போட்டியில ஒரு மில்லியன் டாலர் தட்டினார். ரிம்ஸ்கி-கோர்சகோவோட 'வண்டின் பறத்தல்' இசையை வழக்கத்தைவிட ரொம்ப வேகமா வாசிச்சு அசத்தினார். சூப்பர்! ஆனா, எல்லாருக்கும் மில்லியன் டாலர் மேடை கிடைச்சிடுமா? மத்தவங்களுக்கு ஏணி எது?

கர்நாடக சங்கீதத்துல அந்த ஏணி ஏற்கெனவே இருக்கு. மார்கழி சீசன்ல சென்னை சபாக்கள் பலதுலயும் சாயங்காலம் பெரிய வித்வான்கள், டிக்கெட். மத்தியானம் இளசுகள், அனுமதி இலவசம். என்ன சோகம்னா, அந்த நேரத்துல ஹாலைவிட சபா கேன்டீன்லதான் கூட்டம் ஜாஸ்தி!

பியானோ, கீபோர்டு பசங்க நிலைமை இன்னும் மோசம். லண்டன் டிரினிட்டி கிரேடு பரீட்சைக்கு மாசக்கணக்கா பிராக்டீஸ் பண்ணுவாங்க. கடைசியில கேட்கிறது? எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஒரே ஒரு தேர்வாளர்! சர்டிஃபிகேட் வந்ததும் கீபோர்டு கட்டிலுக்கு அடியில போயிடும். கை நடுங்கி, தப்பா ஒரு கட்டையைத் தட்டி, சமாளிச்சு வாசிக்கிற தைரியத்தை எந்த சர்டிஃபிகேட்டும் தராது. முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஐம்பது பேர்தான் தருவாங்க.

முதல்முறை கேட்கப்போறீங்களா?

சின்ன டிப்ஸ்: சொனாட்டானா பெரும்பாலும் மூணு, நாலு பகுதி இருக்கும். ஒரு பகுதி முடிஞ்சதும் கை தட்டிடாதீங்க. வாசிக்கிறவர் எழுந்து நிக்கட்டும், அப்புறம் தட்டி ஹாலையே அதிர வைங்க. செல்போனுக்கு லீவு கொடுங்க. ராகம், தாளம், பீத்தோவன் எதுவும் தெரிய வேண்டியதில்லை. காது இருந்தா போதும்.

கிராண்ட் பியானோவுக்கு எங்கே போறதுன்னு கவலை வேண்டாம். 88 கட்டை இருக்கிற டிஜிட்டல் பியானோ ஒண்ணு வாடகைக்குக் கிடைச்சா போதும். காலேஜ் செமினார் ஹால், வாரத்துல ஒரு நாள் லஞ்ச் பிரேக், முப்பது நிமிஷம். உங்க கிளாஸ்லயே கடைசி பெஞ்சுல டெஸ்க்கைத் தட்டிக்கிட்டே ஒருத்தர் இருப்பாரே... அவரைக் கூப்பிடுங்க.

அவர் வாசிக்கட்டும். நீங்க டிபன் பாக்ஸை மூடி வெச்சுட்டுக் கேளுங்க. தயிர்சாதம் அரை மணி நேரம் காத்திருக்கும், பங்காளி!